கையில் ஒப்படைத்த உயிர்கள்

சவூதிக்குப் போகிறவர்களை வழியனுப்புவது நம் குடும்பங்களுக்குப் புதிதன்று. விடுமுறையில் வந்திருந்த தங்கையின் கணவர் வேலைக்குத் திரும்பும் நாள் வந்தது. இஷாத் தொழுகையை முடித்துக்கொண்டு ஊத்தங்கரையிலிருந்து காரில் புறப்பட்டோம். கிருஷ்ணகிரியையும் ஓசூரையும் கடந்து, பெங்களூருக்கு வடக்கே தேவனஹள்ளி விமான நிலையத்தை அடைந்தபோது நள்ளிரவு தாண்டிவிட்டது. நம்முடன் வந்தவன் தங்கை மகன்; அந்த ஆண்டுதான் பிளஸ் டூ முடித்தவன்.

வாசலில் நின்ற மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படை வீரர், பயணச்சீட்டையும் பாஸ்போர்ட்டையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்த பின்னரே மச்சானை உள்ளே விட்டார். நாம் கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்றோம். சற்று நேரத்தில் உள்ளிருந்து தொலைபேசியில் அழைத்தார். தங்கை கைப்பையில் வைத்தனுப்பிய மாங்காய் ஊறுகாய்ப் பாட்டிலைச் சோதனையில் எடுத்துக்கொண்டார்களாம். மருமகன் சிரித்துவிட்டான்.

"ஓர் ஊறுகாய்ப் பாட்டிலுக்கு இத்தனை கெடுபிடியா, மாமா?"

அந்தக் கெடுபிடி சும்மா வந்ததன்று என்றோம். 1984 ஆகஸ்ட் 2 இரவு, சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்தில் பெட்டியில் வைத்த வெடிகுண்டு வெடித்து முப்பது பேருக்கு மேல் மாண்டனர். அடுத்த ஆண்டு ஜூன் 23 அன்று, ஏர் இந்தியாவின் 'கனிஷ்கா' அயர்லாந்துக்கு அருகே அட்லாண்டிக் கடலின்மேல் வெடித்துச் சிதறியது. 329 உயிர்கள் போயின. பெட்டி விமானத்தில் ஏறியது, பெட்டிக்குரியவன் ஏறவில்லை. அதன் பின்னர்தான், 1987 ஏப்ரலில், விமானப் பாதுகாப்புக்கென மத்திய அரசில் தனித் துறை அமைந்தது. 1999 டிசம்பரில் இந்திய விமானம் ஒன்று கந்தகாருக்குக் கடத்தப்பட்டது. மறு ஆண்டு முதல் விமான நிலையங்களின் காவல் மத்தியப் படையிடம் வரத் தொடங்கியது. இன்று நாம் சலித்துக்கொள்ளும் சோதனைகளுக்குப் பின்னால் எத்தனையோ ஜனாஸாக்கள் இருக்கின்றன.

மருமகன் சிரிப்பை நிறுத்திக்கொண்டான்.

திரும்பும் வழியில், சூளகிரிக்கு அருகே ஃபஜ்ருத் தொழுகைக்காக வண்டியை நிறுத்தினோம். தொழுதுவிட்டுத் தேநீர் அருந்தும்போது அவன் மெல்ல வாயைத் திறந்தான். ஓசூரை அடுத்த பேளகொண்டப்பள்ளியின் தனியார் ஓடுபாதையிலிருந்து சிறு விமானம் எழுவதைச் சிறு வயதில் பார்த்த நாள் முதல், விமானி ஆகவேண்டும் என்பதே அவன் கனவு. அதை நாம் அறிவோம். அறியாதது வேறொன்று. வெளியூர்த் தரகர் ஒருவர் அவனைப் பிடித்திருக்கிறார். தேர்வு முடிவையும் பறந்த மணிக்கணக்கையும் தாமே "ஏற்பாடு செய்து" தருவாராம். பணம் மட்டும் உடனே வேண்டும். அதற்குத் தங்கையின் நகைகளை விற்கவேண்டும்.

"அத்தாவிடம் நீங்கள்தான் பேசவேண்டும், மாமா. பெயருக்குத்தான் அந்தக் காகிதம். ஓட்டுவதைப் பிறகு கற்றுக்கொள்ள மாட்டேனா?"

நாம் கடிந்துகொள்ளவில்லை. கனவு காணும் பிள்ளையைக் கடிந்தால் கனவு போகாது. நம்மிடம் சொல்வதுதான் நின்றுபோகும். பத்திரிகைகளில் படித்திருந்த சில செய்திகளை அவனுக்குச் சொன்னோம்.

2018 ஆகஸ்ட் 10 அன்று, அமெரிக்காவின் சியாட்டில் விமான நிலையத்தில் தரைப்பணியாளர் ஒருவர், ஆளில்லாமல் நின்ற 76 இருக்கை விமானத்தைத் தாமே கிளப்பிக்கொண்டு வானில் ஏறிவிட்டார். விமானி உரிமம் அவரிடம் இல்லை. வீடியோ விளையாட்டு ஆடிய பழக்கம் உண்டென்று கட்டுப்பாட்டு அறைக்குச் சொன்னாராம். இரண்டு போர் விமானங்கள் பின்தொடர, ஒரு மணி நேரத்துக்கு மேல் சுற்றி, கெட்ரான் தீவில் விழுந்து மாண்டார். அவர் வேலியைத் தாண்டி வந்த அந்நியர் அல்லர். முறையான அடையாள அட்டையுடன் உள்ளே வேலை பார்த்தவர். வாசலில் நிற்கும் காவல், உள்ளே இருப்பவரின் கையையும் மனத்தையும் காண இயலாது.

1994 மார்ச் 23 அன்று நடந்தது இதைவிடக் கொடியது. மாஸ்கோவிலிருந்து ஹாங்காங் சென்ற ரஷ்ய விமானத்தில், விமானி தம் பிள்ளைகளை ஆசையாகத் தம் இருக்கையில் அமரவிட்டார். மகன் விசையை அழுத்திப் பிடித்ததில் தானியங்கிக் கருவியின் ஒரு பகுதி விடுபட்டது. விமானிகள் அதை உடனே உணரவில்லை. விமானம் சைபீரியாவில் விழுந்தது. இருந்த 75 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. பாசமுள்ள தந்தைதான்; ஆனால் அந்த இருக்கை மகனுக்குக் கொடுக்க அவருடையதன்று.

நம் நாடும் விலக்கன்று. 2011 தொடக்கத்தில் கோவாவில் ஒரு விமானம் முன்சக்கரம் முதலில் தரையில் படும்படி இறங்கியது. அதை விசாரிக்கப் போய், உயர்நிலை உரிமத் தேர்வுக்குப் போலி மதிப்பெண் பட்டியல் தந்ததாக விமானிகள்மீது வழக்குகள் எழுந்தன; சிலர் கைதாகினர். பறக்காத மணிகளைப் பறந்ததாகப் பதிவேட்டில் எழுதியதாக அதே ஆண்டில் ராஜஸ்தானிலும் வழக்கு வந்தது. 2014-இல் பிளஸ் டூ தேர்வின் மாநில முதலிடம் ஊத்தங்கரைப் பள்ளிக்கு வந்தபோது ஊரே மகிழ்ந்ததை மருமகன் அறிவான். மதிப்பெண்ணின் அருமை தெரிந்த ஊரில் பிறந்தவன், பொய் மதிப்பெண்ணுக்கு அம்மாவின் நகையைக் கொடுப்பதா?

வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்கவேண்டும். பெரிய விமானத்தின் தலைமை விமானிக்குரிய உரிமத்துக்கு 1500 மணி. காற்று மாறும்போதும், மேகம் கண்ணை மறைக்கும்போதும், ஓர் எஞ்சின் நின்றுவிடும்போதும் என்ன செய்வதென்று கைக்குத் தெரிய அத்தனை மணிகள் வேண்டியிருக்கின்றன. எழுதிய மணி கைக்குள் இறங்காது.

பிறகு ஒன்றே ஒன்று கேட்டோம்: "இந்நேரம் உன் அத்தா கடலுக்கு மேலே இருப்பார். அந்த விமானத்தை ஓட்டுகிறவர் இந்தத் தரகரிடம் காகிதம் வாங்கியவர் என்றால் உனக்குச் சம்மதமா?"

அவன் தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டான். பதில் வரவில்லை.

ஒன்பதாம் நூற்றாண்டில் குர்துபாவில் வாழ்ந்த அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸ் இறக்கை கட்டிப் பறந்து, இறங்கும்போது முதுகில் காயம்பட்டதாக வரலாற்றாசிரியர் அல்மக்கரீ எழுதியிருக்கிறார். அவருக்குக் கற்றுக்கொடுக்க ஆசான் எவரும் இல்லை. ஆயினும் அவர் பணயம் வைத்தது தம் உயிர் ஒன்றையே. இன்றைய விமானியின் முதுகுக்குப் பின்னே நூற்றுக்கணக்கானோர் கண்ணயர்ந்திருக்கிறார்கள். அவ்வுயிர்கள் அவர் கையில் ஒப்படைத்த அமானிதம்.

நகைகள் விற்கப்படவில்லை. ரேபரேலிக்கு அருகேயுள்ள அரசு விமானப் பயிற்சி அகாடமியின் நுழைவுத் தேர்வுக்கு மருமகன் இப்போது படித்துக்கொண்டிருக்கிறான். தேறுவானோ மாட்டானோ, இறைவனே அறிவான். தேறாவிட்டால் வேறு தொழில் தேடுவான். யாருடைய உயிருக்கும் ஊறு நேராது.

அன்று நண்பகல் மச்சான் தம்மாமிலிருந்து பேசினார். தொலைபேசியை முதலில் வாங்கியவன் மகன்தான்.

"அத்தா, விமானம் மெதுவாக இறங்கியதா?" என்று கேட்டான். அதற்கு முன் எந்தப் பயணத்திலும் அவன் அதைக் கேட்டதில்லை.