சிறு சொல்லும் பெரும் பணியும்

மக்கள் வாழ்க்கையைப் பல கூறாகப் பகுத்து நோக்குதல் உலகியல்பு. படைக்களம் சென்று மீண்டவன் ஒருவன், பொறிகளோடு பொழுது போக்குவோன் ஒருவன், திருக்கோவிலில் முழந்தாளிட்டு மன்றாடுவோன் ஒருவன் என மூவரை வேறுவேறாக நிறுத்தி, இவர்தம்முள் யாதோர் உறவும் இன்றென்று கருதுவார் பலர். கணிப்பொறிக்கு நிரல் எழுதும் தொழிலில் அமர்ந்த நாள்முதல் இவ்வெண்ணம் நம்மையும் விடாது வருத்தி வந்தது. ஞாயிறுதோறும் நம் விசாரணைக் கோவிலில் பாடற்குழுவினரோடு நின்று பாடுகின்றோம். திங்கள் முதல் சனி வரை எண்ணும் குறியுமாக நிரல் வரிகளை அடுக்குகின்றோம். முன்னதில் நெஞ்சு நிறைகின்றது. பின்னதில் வயிறு நிறைகின்றது. இவ்விரண்டிற்கும் இடையே பாலம் ஒன்று உண்டோ? ஆறு நாளின் உழைப்பையும் இறைவன் திருமுன் வைத்தற்கு உரியதென்று கொள்ளலாமோ? அன்றி, அஃது ஊதியத்தின் பொருட்டுச் செய்யும் வெறும் கைத்தொழில்தானோ?

இவ்வினாவிற்கு விடை தேடிய நமக்கு, நூல் வாயிலாக நல்லாசிரியர் ஒருவர் வாய்த்தார். அவர்தாம் இத்தாலிய நாட்டுச் சேசு சபைக் குருவாகிய ரொபெர்த்தோ பூசா என்பார். பெயரோ பூசா; தலையாய கடமையோ பூசை. எனினும், எழுத்தையும் சொல்லையும் பொறிகொண்டு ஆராயும் கலைக்கு முன்னோடிகளுள் ஒருவரென்று இன்று உலகம் போற்றுவதும் இவரையே.

பூசா 1913-ஆம் ஆண்டு விசென்சா நகரிற் பிறந்தார். தந்தையார் இருப்புப்பாதையில் அலுவல் பார்த்தவர். பெல்லூனோ நகரத்துக் குருமடத்தில் இவரோடு பயின்றவருள் ஒருவரே, பின்னாளில் முதலாம் அருள் சின்னப்பர் என்னும் பெயர் பூண்டு 1978-ல் 33 நாள் பாப்பரசராய் வீற்றிருந்த அல்பீனோ லுச்சியானி. 1933-ல் பூசா சேசு சபையிற் சேர்ந்தார். 1940-ல் குருப்பட்டம் பெற்றார். அவ்வாண்டிலேயே இத்தாலி பெரும்போரில் இறங்கிற்று. புதுக்குருவாகிய பூசா 1943 வரை படையினருக்குத் துணை ஆன்ம குருவாகவும், அதன் பின்னர் விடுதலைப் படையினரிடையேயும் ஊழியம் புரிந்தார். அவர் சபையைத் தோற்றுவித்த அர்ச். இஞ்ஞாசியாரும் 1521-ல் பம்பலோனாக் கோட்டையைக் காக்கையிற் பீரங்கிக் குண்டினால் கால் முறிந்த போர்வீரரே என்பதை ஈண்டு நினைவுகூர்தல் தகும்.

படையிற் பயில்வது கீழ்ப்படிதல். சபையிற் பயில்வதும் அதுவே. மேலாளர் ஒருவர் பூசாவை அழைத்து, ஆசிரியராக விருப்பமோவென வினவினாராம். சிறிதும் இல்லை என்றார் பூசா. நன்று, ஆயினும் நீர் ஆசிரியரே ஆகக்கடவீர் என்று மேலாளர் மொழிந்துவிட்டார். இவ்வரலாற்றைப் பூசாவே பிற்காலத்தில் நகைச்சுவையோடு எடுத்துரைத்துள்ளார். தாம் வேண்டாத பணியிலன்றோ தம் வாழ்நாளின் பெரும்புகழ் அவருக்குக் காத்திருந்தது!

அவர் மேற்கொண்ட ஆராய்ச்சி அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் என்னும் பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பேரறிஞரின் நூல்களைப் பற்றியது. ஒரு பொருள் மற்றொரு பொருளினிடத்தே உறைகின்றது, இறைவன் ஆன்மாவின்கண் உறைகின்றான் என்றெல்லாம் கூறுமிடத்து அவ்வறிஞர் கருதியது யாது என்பதே பூசாவின் வினா. இலத்தீனில் உறைதலையும் முன்னிற்றலையும் குறிக்கும் பெருஞ்சொற்களை முதற்கண் தேடினார். அவை போதிய விளக்கம் தரவில்லை. அவர் வேண்டிய பொருளெல்லாம் 'இன்' என்னும் சின்னஞ்சிறு இலத்தீன் இடைச்சொல்லோடு பிணைந்து கிடந்தது. நம் மொழியில் 'இல்', 'கண்' என்னும் ஏழாம் வேற்றுமை உருபுகள் செய்யும் தொழிலை அம்மொழியில் இச்சொல் செய்கின்றது. அது வரும் வாக்கியங்களைத் தம் கையாலேயே எழுதிச் சேர்த்தார். பதினாயிரம் அட்டைகள் அளவில் நிரம்பின. 1946-ல் அவ்வாராய்ச்சிக்குப் பட்டமும் பெற்றார்.

பதினாயிரம் அட்டை எழுதியவர்க்கு ஓர் உண்மை புலனாயிற்று. ஓராசிரியரின் கருத்தை உள்ளவாறு அறிய வேண்டுமாயின், அவர் கையாண்ட சொற்களுள் பெரியதென்றும் சிறியதென்றும் வேற்றுமை பாராட்டாது அனைத்தையும் நிரல்படுத்தல் வேண்டும். தோமாஸின் நூல்களையும் அவற்றோடு தொடர்புடைய பிறர் நூல்களையும் சேர்த்து நோக்கினாலோ ஒரு கோடிக்கு மேற்பட்ட சொற்கள் உள. இது தனி மனிதர் கைக்கு அடங்குவதோ? ஆகவே பொறியை நாடினார். 1949-ல் நியூயார்க் நகரம் சென்று, ஐ.பி.எம். நிறுவனத்தின் தலைவர் தாமஸ் வாட்சனைக் கண்டார். தம் பொறிகளால் இது கூடாதென்று வல்லுநர் கூறியதாக வாட்சன் மறுத்தனர். பூசா, அந்நிறுவனத்தார் வெளியிட்ட விளம்பரத் தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். அரிய செயலை உடனே முடிப்போம், முடியாத செயலுக்கோ சற்றே கூடுதலாக நாள் பிடிக்கும் என்னும் கருத்து அதில் அச்சிடப்பட்டிருந்தது. முயன்று பாராமலே முடியாதென்பது முறையோவென்று பூசா கேட்டார். வாட்சன் இசைந்தார்; நிறுவனத்தின் பெயரைப் பூசாவின் பெயருக்கு மாற்றிவிடலாகாது என்று மட்டும் நகையாடி நிபந்தனை விதித்தாராம்.

அந்நாளையப் பொறிகள் துளையிட்ட அட்டைகளால் இயங்கியவை. நூலின் ஒவ்வொரு வரியையும், அஃது இடம்பெறும் பகுதியின் குறிப்போடு, துளைகளாக அட்டையிற் பதித்தல் முதல் வேலை. அவ்வரியைப் பிரித்துச் சொல்லுக்கோர் அட்டையாக்குதல் இரண்டாவது. பின்னர் அவற்றை அகர வரிசையில் அடுக்குதலும் அச்சிடுதலும் பொறியின் பாலன. ஆனால் ஒரே சொல்லின் பல்வேறு திரிபுகளை ஓரினமாக்குதற்கும், ஒரு வடிவில் வரும் இரு வேறு சொற்களைப் பிரித்துணர்தற்கும் கற்றறிந்தோர் கண்களே வேண்டியிருந்தன. பொறி உழைத்த நேரத்தினும் மனிதர் உழைத்த நேரமே பன்மடங்கு மிகுதி.

1951-ல் பூசா வெளியிட்ட முதல் மாதிரி நூல், அர்ச். தோமாஸுடையனவென்று வழங்கும் வழிபாட்டுப் பாக்களுக்குச் செய்த சொல்லடைவாகும். நற்கருணைத் திருநாளில் கத்தோலிக்கர் ஏழு நூற்றாண்டாகப் பாடிவரும் பாக்கள் இவ்வறிஞர் பெயரால் வழங்குவன அல்லவோ! விசாரணை மக்கள் நாவிற் பயின்றவை பொறியினுள் முற்படப் புகுந்தன என்றறிந்த பொழுது நாம் எய்திய மகிழ்ச்சி சிறிதன்று. அன்று தொடங்கிய பெரும்பணி, 1974 முதல் 1980 வரை 56 பெருந்தொகுதிகளாக அச்சேறி நிறைவெய்திற்று. 1974-ஆம் ஆண்டு தோமாஸ் இறந்து 700 ஆண்டு நிரம்பிய ஆண்டுமாகும். அட்டையில் தொடங்கியது காந்த நாடாவிற்கு மாறி, குறுந்தகடாகி, 2005-ல் இணையத்தையும் எய்தியது. பூசா 2011-ல் தம் 97-ஆம் அகவையில் கல்லராத்தே நகரில் உயிர் நீத்தார்.

இவ்வளவில் நிறுத்தினால் இவ்வரலாறு குறையுடையதாகும். அட்டைகளிற் துளையிட்டோர் யாவர்? கல்லராத்தேயில் 1950-களின் நடுவிலிருந்து 1967 வரை, இதற்கெனப் பயிற்றப்பட்ட இளம் பெண்டிரே அவர். இலத்தீன் கல்லாத அவர் கைவிரல்கள், ஒருத்தி பதித்ததை மற்றொருத்தி மீண்டும் பதித்துச் சரிபார்க்க, எழுத்துப் பிழையாது பணியாற்றின. அவர் உருவங்கள் நிழற்படங்களில் உள. பெயர்களோ நெடுங்காலம் எவராலும் எடுத்துரைக்கப்படவில்லை. ஜூலியான் நைஹன் முதலிய ஆராய்ச்சியாளர் அண்மையில் அப்பெண்டிருட் சிலரைத் தேடிக் கண்டு, அவர்தம் நினைவுகளைப் பதிவு செய்துள்ளனர். சிறு சொல்லைப் புறக்கணியாத பெரும்பணியிலும், சிறியோராய் எண்ணப்பட்டவர் பெயர் புறக்கணிக்கப்பட்டது. பூசாவின் பெருமையை மறைத்தற்கு இதனை உரைத்தோமில்லை. உயர்ந்த நோக்கமும் இக்குறையினின்று நம்மைத் தானே காத்துவிடாது என்று அறிதற்பொருட்டே உரைத்தோம்.

நம் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பெருந்தொகையான எழுத்தினுள் வேண்டியதைத் தேடித்தரும் நிரல் அமைப்போர், அடிக்கடி வரும் சிறு சொற்களைப் பயனிலவென்று பட்டியலிட்டு முதற்கண் களைந்துவிடுவர். விரைவு கருதிய செயலாதலின் அதனைக் குற்றமென்று கூறற்கில்லை. ஆயினும், பூசாவின் வினாவிற்கு விடை கிடந்தது அத்தகைய சொல் ஒன்றினிடத்தன்றோ! இதனை அறிந்தபின், களைதற்குரிய சொற்பட்டியல் நம் கண்முன் வரும்போதெல்லாம், இவற்றுள் எச்சொல்லில் எவருடைய வினாவிற்கு விடை உறைகின்றதோவென்று ஒருகணம் நின்று எண்ணிய பின்னரே மேற்செல்கின்றோம்.

நாம் தேடிய பாலமும் இதுவேயெனக் கண்டோம். படையில் இறக்கும் தறுவாயிலுள்ளான் எவனாயினும் அவன் பக்கலில் அமர்வது ஆன்ம குருவின் கடமை. அவன் பெயரற்ற எளிய வீரனென்று அவர் கடந்து போதல் இயலாது. பூசைப் பந்தியிலோ செல்வனும் ஏழையும் ஒரே அப்பத்தின் முன் முழந்தாளிடுகின்றனர். ஒரு கோடிச் சொற்களுள் ஒன்றும் விடுபடாது எண்ணப்படுதல் வேண்டும் என்று கருதிய நெஞ்சமும் இவற்றிற்கு அயலதன்று. படைக்களமும் பொறியகமும் பீடமும் ஒருவர் வாழ்விற் கூடியது வியப்பன்று. எளியதை எண்ணாது விடலாகாது என்னும் ஒரே அறம் மூன்றிடத்தும் அவரை நடத்திற்று.

மாணவ நண்பர்காள்! உங்களுட் பலர் நாளை நிரல் எழுதப் புகுவீர். சிலர் படையிற் சேர்வீர். உங்கள் உழைப்பு திங்கட்கிழமையிலும் தூயதாதல் கூடும். சிறு சொல்லை விடாதீர். அதனைப் பதித்துத் தந்த கையின் பெயரையும் விடாதீர். நாம் அலுவலகத்தில் முடிக்கும் ஒவ்வொரு நிரலின் தலைப்பிலும், அதற்கு உழைத்தார் அனைவர் பெயரையும், பயிலவந்த இளையோர் பெயருட்பட, எழுதி வைக்கும் வழக்கத்தை இப்போது மேற்கொண்டுள்ளோம். அப்பெயர் வரிகளைப் பொறி படியாது கடந்து செல்லும். பின்வரும் மனிதர் படிப்பர்.