முப்பதாவது நாற்காலி

நவம்பர் 4, 2024, திங்கள்

என் மகள் பாப்பாவுக்கான பள்ளி விண்ணப்பம் ஒருவழியாக இன்று போய்விட்டது. இங்கே கல்வியாண்டு செப்டம்பரிலேயே தொடங்கிவிட்டதால் நடுவில் சேர்வதற்குத் தனி விண்ணப்பம். எங்கள் பகுதியில் அது கவுன்சில் வழியாகத்தான். நான் வேலை பார்க்கும் மருத்துவமனையின் விடுதியில் இருந்தவரை எதுவும் நகரவில்லை. நிரந்தர முகவரி வேண்டும் என்றார்கள். கிழக்கு லண்டனில் இந்த வீடு கிடைத்து, வாடகை ஒப்பந்தமும் கவுன்சில் டாக்ஸ் பில்லும் கைக்கு வந்த பிறகுதான் படிவத்தையே நிரப்ப முடிந்தது. திருச்சியில் அலைந்து திரிந்து வாங்கிய டிசியை யாரும் கேட்கவில்லை.

பிறந்த தேதியை வைத்தே வகுப்பு. ஜூன் 2018இல் பிறந்தவள் என்பதால் 'இயர் டூ'. ஊரில் இப்போதுதான் ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்தவள். இங்குள்ள பிள்ளைகள் நாலு வயதிலேயே ரிசப்ஷன் வகுப்பில் சேர்ந்து ஃபோனிக்ஸ் படித்து, அதற்கான பரிசோதனையையும் போன கல்வியாண்டிலேயே முடித்தவர்கள். இவள் எப்படி ஈடுகொடுப்பாள் என்ற கவலை எனக்கு.

நவம்பர் 10, ஞாயிறு

நைட் டியூட்டி முடிந்து வந்து படுத்தேன். பக்கத்து அறையில் பாப்பா அட்டெண்டன்ஸ் எடுத்துக்கொண்டிருந்தாள். திருச்சி வகுப்புப் பிள்ளைகளின் பெயர்கள், வரிசை மாறாமல். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு குரல் மாற்றி 'பிரசென்ட் மிஸ்' சொன்னாள். தன் பெயர் வந்தபோது, "ஆப்சென்ட்" என்று அவளே சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போனாள். தூக்கம் போய்விட்டது.

நவம்பர் 18, திங்கள்

மின்னஞ்சல் வந்தது. கேட்ட பள்ளிகள் எதிலும் இடமில்லை. ரிசப்ஷன், இயர் ஒன், இயர் டூ வகுப்புகளில் ஓர் ஆசிரியருக்கு முப்பது பிள்ளைகளுக்கு மேல் கூடாது. 1998ஆம் ஆண்டுச் சட்டம். மேல்முறையீடு செய்யலாம், செலவில்லை, விசாரிப்பதும் சுயேச்சையான குழு. ஆனால் இந்த வரம்பைக் காட்டி மறுத்திருந்தால், விதியைத் தவறாகப் பயன்படுத்தினார்கள் என்பது போன்ற மிகச் சில காரணங்களே எடுபடும். எங்களிடம் அப்படி ஒன்றும் இல்லை.

சாயங்காலம் வரை ஆத்திரமாக இருந்தது. நடந்தே போகிற தூரத்தில் பள்ளி, அதில் என் பிள்ளைக்கு ஒரு நாற்காலி இல்லை. ஆனாலும் அந்தச் சட்டம் தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. நான் படித்த வகுப்பில் அறுபது பேருக்கு மேல். கடைசி பெஞ்சில் இருந்தவள் வாசிக்கத் தெரியாமலே ஐந்தாம் வகுப்புவரை வந்துவிட்டாள், டீச்சருக்குத் தெரியவே இல்லை. அந்த முப்பது பேரில் ஒருத்தியாக என் மகள் உள்ளே இருந்திருந்தால், முப்பத்தொன்றாவது பிள்ளையைச் சேர்க்க நான் சம்மதிப்பேனா?

நவம்பர் 20, புதன்

அருகிலுள்ள பள்ளியின் காத்திருப்போர் பட்டியலில் ஐந்தாவது இடம். ஊர் வழக்கப்படி, முன்னால் வந்தவருக்கு முன்னால் கிடைக்கும் என்று என் கணவர் நம்பிக்கொண்டிருந்தார். அப்படியில்லை. ஒவ்வொரு புதுப் பெயர் சேரும்போதும் பட்டியலை மறுபடி வரிசைப்படுத்துவார்கள். காப்பகப் பராமரிப்பில் உள்ள பிள்ளைகள், அங்கேயே அண்ணனோ அக்காவோ படிப்பவர்கள், பிறகு வீட்டின் தூரம். நாளை யாராவது பள்ளிக்கு எதிரே குடிவந்தால் நாங்கள் ஆறாவது. சிபாரிசு, டொனேஷன் எதற்கும் இதில் இடமில்லை என்பது எனக்கு ஆறுதல்.

இடம் இருக்கிறது என்று கவுன்சில் சொன்ன வேறொரு பள்ளி பஸ்ஸில் போகிற தூரம். எடுப்பதா, காத்திருப்பதா? மளிகைக் கடையில் யாழ்ப்பாணத்து அக்காவிடம் சொன்னேன். "பிள்ளையை வீட்டில வைச்சிருக்காதேங்கோ தங்கச்சி. கிடைச்ச இடத்தில சேர்த்து விடுங்கோ, பிறகு மாத்தலாம்" என்றார். விசாரித்தால் அதுவே சரி. இதில் சேர்ந்தாலும் அந்தப் பட்டியலில் பெயர் இருக்கும்.

நவம்பர் 22, வெள்ளி

பள்ளியைப் பார்த்தோம். பழைய கட்டடம், சின்ன மைதானம். தலைமை ஆசிரியை குனிந்து பாப்பாவிடம் பேசினார். எங்களிடம் கேட்டது ஒன்றுதான்: வீட்டில் என்ன மொழி? தமிழ் என்றதும், "அதை விட்டுவிடாதீர்கள், வீட்டில் தமிழிலேயே கதை சொல்லுங்கள்" என்றார். ஆங்கிலத்தில் பேசிப் பழக்குங்கள் என்பார் என்று எதிர்பார்த்துப் போயிருந்தோம். அந்த நிமிடமே எனக்கு முடிவாகிவிட்டது.

நவம்பர் 28, வியாழன்

பள்ளியில் முதல் நாள். சாம்பல் பினஃபோர், புக் பேக், பெயர் ஒட்டிய வாட்டர் பாட்டில். மதியச் சாப்பாடு லண்டன் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் எல்லோருக்கும் இலவசம். பஸ்ஸிலும் அவளுக்குக் கட்டணமில்லை. திரும்பி வந்து அவள் சொன்ன முதல் செய்தி: பக்கத்து நாற்காலிக்காரி ருமேனியப் பெண், அவளுக்கும் ஆங்கிலம் கொஞ்சம்தான் வருமாம்.

டிசம்பர் 11, புதன்

அருகிலுள்ள பள்ளியின் பட்டியலில் இப்போது ஏழாவது. பரவாயில்லை. முப்பது வரம்பு இயர் டூ வரைக்கும்தான்; செப்டம்பரில் அவள் இயர் த்ரீ போகும்போது வேண்டுமானால் பார்த்துக்கொள்ளலாம், அதுவும் அவளைக் கேட்டுவிட்டு. இவருக்குத் திங்கள்கிழமை ஒரு வேலைக்கு இன்டர்வியூ. மூன்றே காலுக்குள் பள்ளி வாசலில் யாராவது நிற்க வேண்டுமே என்று என் ஷிப்டை மாற்றக் கேட்டிருக்கிறேன்.