பிராங்பர்ட் ஜங்ஷன்!

நம்மூர்ல 11-ம் நம்பர் வண்டின்னா நடராஜா சர்வீஸ். ஜெர்மனியின் பிராங்பர்ட்டில் அது நிஜ ட்ராம். ஏறி உட்காருங்க. ஊருக்குக் கிழக்கே ஹனாவர் லாண்ட்ஸ்ட்ராஸே சாலையில் கார் ஷோரூம்கள்... நடுநடுவே மொட்டைச் சுவரோடு பெரிய கட்டடங்கள். போட்டோ எடுக்க ஒண்ணுமே இல்லையேன்னு முகம் சுளிக்காதீங்க. உலகின் மிகப் பெரிய இன்டர்நெட் சந்திப்புகளில் ஒன்றான 'டி-சிக்ஸ்', இந்த ஊர் டேட்டா சென்டர்களில்தான் பரந்து கிடக்கு. உள்ளே சும்மா விடமாட்டாங்க. வெளியே நின்னே கதை கேளுங்க!

அப்பல்லாம் ஜெர்மனியில் வேற கம்பெனி கனெக்‌ஷன் வெச்சிருக்கும் எதிர்வீட்டு நண்பனுக்கு மெயில் தட்டினா, அது அமெரிக்கா போய்த்தான் திரும்பும். காசும் தண்டம், நேரமும் தண்டம். 1995-ல் மூணு கம்பெனிகள், இதே ஊரில் ஒரு பழைய தபால் ஆபீஸ் பின்னறையில் கைகோத்தாங்க. இன்னிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட நெட்வொர்க்குகள்!

தலைவலி ஆரம்பிக்கிறதே இங்கேதான். 'இந்த முகவரிக்கெல்லாம் என் வழியா போகலாம்'னு ரெண்டு ரவுட்டர்கள் பேசிக்கிறதுதான் பியரிங் செஷன். ஆயிரம் பேரும் தனித்தனியா பேசினா 4,99,500 செஷன்! யாரால மேய்க்க முடியும்? அதுக்குத்தான் 'ரூட் சர்வர்'. அதோட மட்டும் பேசினா போதும், மத்தவங்க சொல்ற வழிகள் மொத்தமா வந்துடும். டேட்டா என்னவோ நேராத்தான் போகும். வழி சொல்றது மட்டும்தான் சர்வர் வேலை. ஆனா, பெரிய நெட்வொர்க்குகள் பல 'என்கிட்ட தனியா பேசு'ங்கும். ஆக, நூற்றுக்கணக்கான செஷன்களை ஸ்க்ரிப்ட் எழுதித்தான் சமாளிக்கணும்.

ஒவ்வொண்ணுக்கும் உச்சவரம்பு ரொம்ப முக்கியம் பாஸ். 50 வழி சொல்றவர் திடீர்னு பல லட்சம் வழி சொன்னா, ரவுட்டரே செஷனைத் துண்டிக்கணும். 2017 ஆகஸ்ட் 25-ல் கூகுள் தவறா அறிவிச்ச வழிகளை வெரைசான் அப்படியே நம்பிப் பரப்ப, ஜப்பானில் இன்டர்நெட் பரவலாத் தடுமாறிப் போச்சு. நம்பிக்கை வேணும், கூடவே ஒரு ஃபில்டரும் வேணும்!

இன்னொரு சேதி... உலகமெங்கும் பல ரூட் சர்வர்களில் ஓடும் 'பேர்ட்' என்கிற இலவச சாஃப்ட்வேர், ப்ராக் நகர சார்லஸ் பல்கலைக்கழக மாணவர்கள் ஆரம்பிச்ச ப்ராஜெக்ட். உங்க லேப்டாப்பிலேயே நாலு விர்ச்சுவல் ரவுட்டர் வெச்சு ஓட்டிப் பார்க்கலாம்.

ஆமா, உங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் என்னன்னு முடிவு பண்ணிட்டீங்களா?