தெரியாததைக் கேளுங்கள்

எங்கள் வீட்டில் நான்கு மொழிகள் புழங்குகின்றன. மனைவிக்கும் எனக்கும் தமிழ். மருமகள் புனேயிலேயே பிறந்து வளர்ந்தவள் என்பதால் தமிழோடு மராத்தி. மகனுக்கு அலுவலக ஆங்கிலம். டெலிவிஷனுக்கு இந்தி. இத்தனைக்கும் நடுவில் வளர்ந்த என் பேரன் எந்த மொழியிலும் அதிகம் பேசமாட்டான். பதினைந்து வயது. டெலிபோன் மணி அடித்தால் எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருப்பான்.

அப்படிப்பட்டவன் பள்ளியில் ஐந்தாவதாக ஒரு மொழியை எடுத்தான்: ஜெர்மன். புனேயில் இது அதிசயமில்லை. ஊரைச் சுற்றி ஜெர்மன் தொழிற்சாலைகள். மேல்படிப்புக்கு ஒருவன், நர்ஸ் வேலைக்கு ஒருத்தி என்று ஒவ்வொரு குடியிருப்பிலும் யாராவது ஜெர்மனிக்குப் புறப்பட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

எழுத்தில் பையன் புலி. ஜெர்மனில் மேசை ஆண்பால், சிறுமி அஃறிணை என்றால் தமிழ் மனசு திகைக்கும். அவனுக்கு மராத்தியின் மூன்று பால்கள் ஏற்கெனவே பழக்கம். இருபத்தைந்தை 'ஐந்தும் இருபதும்' என்று ஜெர்மானியர் சொல்வதும் மராத்தி 'பஞ்ச்வீஸ்' போலத்தான். துணை வாக்கியத்தில் வினைச்சொல் கடைசியில் போய் உட்காருவதும், நீ - நீங்கள் வித்தியாசமும் தமிழிலேயே இருக்கிறது. இதையெல்லாம் எனக்குத் தாளில் எழுதிக் காட்டினான். வாய்விட்டுச் சொல்லவில்லை.

வினை அங்கேதான் வந்தது. கோதே இன்ஸ்டிட்யூட்டின் ஏ2 தேர்வில் 100க்கு 60 எடுத்தால் தேர்ச்சி. ஆனால் பேச்சுக்கு உண்டான 25 மதிப்பெண்ணில் 15 கட்டாயம். எழுத்தில் எவ்வளவு வாரிக் குவித்தாலும் வாய் திறக்காதவனுக்குச் சான்றிதழ் கிடையாது. அவன் கவலை சான்றிதழ் அல்ல. "எதிரே ரெண்டு பேர் உட்கார்ந்திருப்பாங்க தாத்தா" என்றான். அன்று இரவு சரியாகச் சாப்பிடவில்லை.

மருமகள் இணையத்தில் தேடி ஒரு ஆசிரியையைப் பிடித்தாள். லைப்ஸிக் நகரத்துப் பல்கலைக்கழக மாணவி. வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம். மகனும் மருமகளும் ஹிஞ்சவடியிலிருந்து வீடு திரும்ப எட்டரை ஆகும். எனவே இந்த உத்தியோகம் எனக்கு வந்தது. வங்கியிலிருந்து ஓய்வுபெற்றவனுக்கு ஏதாவது ஒரு கவுண்டர் வேண்டுமே.

வேலை சுலபம்தான். லேப்டாப்பைத் திறந்து வைக்க வேண்டும். அந்த அரை மணி நேரம் குக்கர் விசில் அடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அக்டோபர் கடைசி ஞாயிறு ஜெர்மனியில் கடிகாரத்தை மாற்றுவார்கள். மூன்றரை மணி வித்தியாசம் நாலரை ஆகிவிடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பையன் கண்ணில் படாத நாற்காலியில் பேப்பரோடு உட்கார்ந்துகொள்வேன். முதல் நாள் அந்தப் பெண்ணிடம் ஒன்று கேட்டேன்: கொஞ்ச நாள் அவன் முகம் தெரியாமல் பேசட்டுமா? தாராளமாக என்றாள்.

மூன்று வாரம் கேமரா மூடியே இருந்தது. 'உன் பெயர் என்ன?', 'எத்தனை சகோதரர்கள்?', 'என்ன சாப்பிட்டாய்?' எல்லாவற்றுக்கும் ஒற்றைச் சொல் பதில். பிறகு 'நோஹ் ஐன்மால், பிட்டெ' - இன்னொரு தடவை சொல்லுங்கள். நல்ல பெண். குறுக்கே புகுந்து திருத்தவில்லை. பிழைகளைக் குறித்து வைத்துக்கொண்டு பிறகு எழுதி அனுப்பினாள். ஆனாலும் மௌனம் கரையவில்லை.

ஒருநாள் அவள் 'உனக்கு எதில் ஆர்வம்?' என்று கேட்டாள். 'ரயில்' என்றான். இவனுக்கு ரயில் பைத்தியம் உண்டு. எந்த ரயில் என்றாள். 1930லிருந்து புனேக்கும் மும்பைக்கும் ஓடும் டெக்கான் குவீன் என்றான். சாப்பாட்டுப் பெட்டி உள்ள ரயில் என்றான். 2022 ஜூனில் அதற்கு எல்.எச்.பி. பெட்டிகள் வந்தன, அந்த மூன்று எழுத்தும் லிங்க்கெ, ஹோஃப்மன், புஷ் என்ற உங்கள் ஊர்க் கம்பெனியின் பெயர் என்றான். அவள் சிரித்துவிட்டு, எனக்குத் தெரியாதே என்றாள். மலையில் எப்படி ஏறும் என்று கேட்டாள்.

கர்ஜத்திலிருந்து லோனாவளா வரை போர் காட் மலைப்பாதை. 37 அடி போனால் ஓர் அடி உயரும் ஏற்றம். கர்ஜத்தில் வண்டிக்குப் பின்னால் கூடுதல் என்ஜின்களைக் கோர்ப்பார்கள். முன்னால் ஒன்று இழுக்கும், பின்னால் இவை தள்ளும். அந்தத் 'தள்ளும்' என்ற சொல் அவனுக்கு ஜெர்மனில் தெரியவில்லை. இரண்டு முறை தடுமாறினான். நான் பேப்பரை இறக்கவில்லை. திடீரென்று கேமராவைத் திறந்தான். பென்சில் டப்பாவை மேசையில் வைத்து, ரப்பரால் பின்னாலிருந்து தள்ளிக் காட்டினான்.

"ஷீபென்!" என்றாள் அவள்.

"ஷீபென்!" என்றான் இவன். இத்தனை உரக்க அவன் பேசி நான் கேட்டதில்லை.

அதன் பிறகு கேமரா மூடவில்லை. அடுத்த வாரம் அவளே, கோதே இன்ஸ்டிட்யூட்டுக்கு இந்தியாவில் மாக்ஸ் முல்லர் பவன் என்று ஏன் பெயர் என்று கேட்டாள். லைப்ஸிக்கில் படித்து, சமஸ்கிருதத்தில் மூழ்கி, இந்தியாவுக்கு ஒரு தடவைகூட வராதவர் மாக்ஸ் முல்லர் என்று லைப்ஸிக்காரிக்கே சொல்லிக் கொடுத்தான்.

இதில் மாயம் ஒன்றுமில்லை. வகுப்பில் ஆசிரியை 'உன் பெயர் என்ன?' என்று கேட்கும்போது அவன் பெயர் அவருக்குத் தெரியும். அது கேள்வியல்ல, சோதனை. சோதனையில் பேசாமலிருப்பதே பாதுகாப்பு என்று கூச்சமுள்ள பிள்ளைக்குத் தோன்றும். எதிரே இருப்பவருக்கு உண்மையிலேயே தெரியாது, நம்மிடம்தான் பதில் இருக்கிறது என்கிறபோது இலக்கணம் இரண்டாம்பட்சமாகிவிடுகிறது. நான் 1979ல் மாற்றலாகிப் புனே வந்தபோது மராத்தியைப் புத்தகம் கற்றுத் தரவில்லை. மண்டையில் காய்கறி விற்கும் அம்மாள் பாஸ் புத்தகத்தை நீட்டி, என் பணம் ஏன் குறைந்தது என்று கேட்டாள். அவளுக்குத் தெரிந்தாக வேண்டும், எனக்குத் தெரியும். மராத்தி வந்துவிட்டது.

தேர்வன்று போட் கிளப் சாலைக்கு நான்தான் கூட்டிப்போனேன். பேச்சுத் தேர்வின் கடைசிப் பகுதியில் இரண்டு மாணவர்களுக்கும் வேறு வேறு நாள்குறிப்புத் தாள் தருகிறார்கள். இவன் தாளில் இருப்பது அவளுக்குத் தெரியாது, அவளுடையது இவனுக்குத் தெரியாது. கேட்டுக் கேட்டுத்தான் இருவருக்கும் ஒத்துவரும் நேரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். இந்தத் தேர்வை வகுத்தவர்கள் விவரமானவர்கள். கூட இருந்த பெண் பயத்தில் பேச்சிழந்து நிற்க, இவனே முதல் கேள்வியைக் கேட்டிருக்கிறான். பேச்சில் 25க்கு 19.

இப்போதும் அவன் வாயாடியாகிவிடவில்லை. ஆகவும் வேண்டாம். அடுத்தது பி1. அதில் ஒரு தலைப்பை எடுத்துத் தனியாகப் பேச வேண்டும்; பிறகு கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். வீட்டில் தமிழில் ஒத்திகை நடக்கிறது. கேள்வி கேட்பவன் நான். பதில் தெரிந்த கேள்வியைக் கேட்கக் கூடாது என்பது எங்கள் விதி. அறுபத்தெட்டு வயதில் எனக்குத் தெரியாதவற்றுக்குப் பஞ்சமே இல்லை.