பழைய கணினிக்கு ஒரு புதிய பணி

நாற்பது ஆண்டுகள் செய்தித்தாளில் எழுதியவனின் வீட்டில் மிஞ்சுவது காகிதக் கட்டுகளே. பத்திரிகை நறுக்குகளையும், நேர்காணல் ஒலிநாடாக்களையும், நிழற்படங்களையும் சில ஆண்டுகளாக மின்வடிவாக்கி வருகிறேன். இப்போது அவற்றைக் காத்து நிற்பது, வீட்டின் மூலையில் ஒதுக்கப்பட்டிருந்த 2010ஆம் ஆண்டு மேசைக் கணினி ஒன்று.

2025 அக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு முடிவடைந்தது. அதனால் ஓய்வுபெற்ற கணினிகள் ஏராளம். ஆயினும் கோப்புகளைக் காப்பதற்குப் பெரும் வேகம் தேவையில்லை. வீட்டிலுள்ள எல்லாக் கணினிகளுக்கும் வலையமைப்பின் வழியே தன் வட்டைத் திறந்துவிடும் இயந்திரத்தையே 'நாஸ்' என்கின்றனர். டெபியன் லினக்ஸை அடித்தளமாகக் கொண்ட 'ஓப்பன்மீடியாவால்ட்' இலவசமானது. 64 பிட் செயலியும் 4 ஜிகாபைட் நினைவகமும் அதற்குப் போதும். 'ட்ரூநாஸ்' என்பதற்கோ குறைந்தது 8 ஜிகாபைட் வேண்டும். வலையமைப்பு இணைப்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். நூறு மெகாபிட் இணைப்பு நொடிக்கு 12.5 மெகாபைட்டுக்கு மேல் கடத்தாது. ஜிகாபிட் அதைப்போல் பத்து மடங்கு.

பழையதில் நம்பக்கூடாதது வன்தட்டு. புதிதாக இரண்டு வாங்கி, ஒன்றில் எழுதுவது மற்றதிலும் பதியுமாறு அமைத்தேன். ஒரு தட்டு பழுதானாலும் மற்றது காக்கும். ஆனால் தவறுதலாக ஒன்றை அழித்தால் இரண்டிலும் அழிந்துவிடும். ஆகவே இதனைக் காப்புப் பிரதி எனக் கொள்ளலாகாது.

மின்கட்டணமும் உண்டு. 50 வாட் இழுக்கும் கணினி இரவு பகலாக இயங்கினால் மாதம் 36 அலகுகள் செலவாகும். நாளுக்கு மூன்று மணிநேரம் மட்டும் இயக்கினால் நாலரை அலகு. நான் மாலையில் மட்டுமே இயக்குகிறேன். மின்வெட்டுக்கு அஞ்சி யூபிஎஸ் ஒன்றையும் பொருத்தியுள்ளேன்.

இத்தனையும் செய்த பின்னரும், எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருப்பது என்னை உறுத்திற்று. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறெங்கும் பிரதியில்லாத சுவடிகளும் அவற்றுடன் போயின. அந்த இழப்பை அறிந்த தலைமுறை நாம். 2005 முதல் 'நூலகம்' திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் சேர்த்து வருவதன் அருமையும் இதனால்தான் நமக்கு விளங்குகிறது.

எனவே மூன்றாவது வன்தட்டொன்றில் முழுப் பிரதியெடுத்து, கடல்கடந்து வாழும் உறவினரிடம் கொடுத்தனுப்பியுள்ளேன். அன்பர்களே, பழைய கணினியை எடைக்குப் போடுமுன், உங்கள் பெற்றோரின் கடிதங்கள் எங்கே இருக்கின்றன என ஒருமுறை பாருங்கள்.