ஏரித் தண்ணீர் எந்த வகை?

ஷாஃபியீ மத்ஹபின் தொடக்கப் பாடநூல்கள் தண்ணீரிலிருந்தே தொடங்குகின்றன. தொழுகைக்கு முன் தூய்மை, தூய்மைக்கு முன் தண்ணீர் என்பது இமாம்கள் வகுத்த வரிசை. எந்தெந்தத் தண்ணீரால் ஒளுச் செய்யலாம் என்று ஏழு வகைகளை மாணவர்கள் மனனம் செய்வார்கள்: மழை நீர், கடல் நீர், ஆற்று நீர், கிணற்று நீர், ஊற்று நீர், உறைபனி உருகிய நீர், ஆலங்கட்டி நீர். திண்டிவனத்தில் நாம் பாடம் நடத்தும் மத்ரஸாவில் உறைபனியைக் கண்ணால் கண்ட பிள்ளை ஒன்றுகூட இல்லை. ஆயினும் ஏழையும் தடுமாறாமல் ஒப்புவித்துவிடுவார்கள்.

சென்ற ஆண்டு இந்தப் பாடத்தின்போது பத்து வயது மாணவர் ஒருவர் எழுந்து, “ஹஜ்ரத், ஏரித் தண்ணீர் இதுல எந்த வகை?” என்று கேட்டார். ஃபிக்ஹின்படி விடை எளிது. ஏரி நீர் மழை நீரே. தன் இயல்பு மாறாதவரை அதனால் ஒளுச் செய்வது கூடும். ஆனால் ஏரிக்கும் பட்டியலில் உள்ள மற்றவற்றுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. கடலையும் ஆற்றையும் ஊற்றையும் மனிதன் உண்டாக்கவில்லை. ஏரியோ, அல்லாஹ் இறக்கிய மழையை நம் முன்னோர் கரை போட்டு நிறுத்திய இடம். கரையைப் பேண ஆளில்லையென்றால் ஏரியும் இல்லை. அந்த மாணவரின் கேள்வி வகுப்போடு முடியவில்லை. பல மாதங்கள் நம்மை வெயிலில் நடக்க வைத்தது.

நம் வட்டாரத்தில் வற்றாத ஆறு கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழையைத் தேக்கிவைத்தே ஆண்டு முழுவதும் வாழ வேண்டும். பழைய ஓய்மாநாட்டின் ஊர்களாகச் சிறுபாணாற்றுப்படை சொல்பவற்றுள் கிடங்கில் ஒன்று. அதுவே இன்று திண்டிவனத்துக்குள் அடங்கிவிட்ட கிடங்கல். அதே நூல் கூறும் எயிற்பட்டினம் மரக்காணமே என்பது அறிஞர் பலரின் கருத்து. இவ்வளவு பழைய குடியிருப்பு இந்தச் செம்மண்ணில் நிலைத்ததற்கு ஏரிகள் பெரிய காரணம். ஓர் ஏரி நிரம்பியதும் கலங்கல் வழியாக உபரி நீர் வெளியேறி, வாய்க்காலில் ஓடி, அடுத்த ஏரிக்கு வரத்தாகும். திண்டிவனம், வானூர், மரக்காணம் வட்டாரங்களில் இப்படிச் சங்கிலியாகத் தொடரும் ஏரிகள் பலவற்றின் நீர் இறுதியில் கழுவெளிக்குப் போய்ச் சேர்கிறது. அங்கிருந்து இடையன்திட்டுக் கழிமுகம் வழியே வங்கக் கடலில் கலக்கிறது.

கழுவெளி உவர்நீரும் நன்னீரும் கலந்த ஆழமற்ற பெரும் நீர்நிலை. குளிர்காலத்தில் மத்திய ஆசிய வான்வழியாக வரும் பறவைகள் அங்கே இறங்குகின்றன. பூநாரைகளையும் கூழைக்கடாக்களையும் அங்கே காணலாம். தமிழக அரசு 2021 டிசம்பரில் 5,151 ஹெக்டேருக்கும் மேற்பட்ட பரப்பைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 2024 ஆகஸ்டில் அது ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற செய்தி வெளியாயிற்று. ராம்சார் என்பது ஈரானில் காஸ்பியன் கடலோரம் உள்ள ஊர். 1971 பிப்ரவரி 2 அன்று அங்கே கையெழுத்தான உடன்படிக்கையால் அந்த ஊர்ப் பெயரே உலகச் சதுப்பு நிலங்களுக்கு அடையாளமாயிற்று. இதைச் சொன்னபோது, “நம்ம மரக்காணம் பக்கத்துல இருக்குறது ஈரான் வரைக்கும் தெரியுமா?” என்று பிள்ளைகள் வியந்தார்கள். மரக்காணம் சாலையில் பேருந்தில் எத்தனையோ முறை சென்றும் அதன் பெயரைக் கேட்டிராத பெற்றோரும் இருந்தார்கள்.

பறவைகள் இருக்கட்டும், நம் வீட்டுக் குழாய்க்கும் கழுவெளிக்கும் என்ன தொடர்பு என்று ஜமாஅத்தில் ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஏரியில் நீர் நின்றால் மண்ணுக்குள் இறங்கும், கிணறு ஊறும். ஏரிக்கு வரத்து நின்றுபோனால், கீழே இறங்குவது குறைந்து மேலே இறைப்பது மட்டும் தொடரும். கடலோரத்தில் நிலத்தடி நீர் அளவுக்கு மீறித் தாழ்ந்தால், விட்ட இடத்தைக் கடல் நீர் பிடித்துக்கொள்ளும். அதன்பின் மழை பெய்தாலும் உப்பு எளிதில் வெளியேறாது. கடல் நீரால் ஒளுக் கூடும். நோன்புக் கஞ்சி காய்ச்ச முடியாது.

இங்கே நம் சமுதாயத்தின் ஒரு பழக்கத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டியிருக்கிறது. ஸதகத்துல் ஜாரியா என்றதும் நம்மில் பலருக்கு முதலில் தோன்றுவது ஆழ்துளைக் கிணறு. மறைந்த தாய் தந்தையரின் பெயரால் பள்ளிவாசலிலோ தெருமுனையிலோ ஒன்று அமைத்துக் கல்வெட்டும் வைப்பார்கள். எண்ணம் உயர்ந்தது, அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. மதீனாவில் ரூமா கிணற்றின் நீர் விலைக்கு விற்கப்பட்டபோது, அதை வாங்கி மக்களுக்கு வக்ஃபு செய்த உஸ்மான் (ரலி) அவர்களின் வரலாறு நமக்கெல்லாம் முன்மாதிரி. ஆனால் அந்த வரலாற்றைக் கூர்ந்து பாருங்கள். உஸ்மான் (ரலி) அவர்கள் புதிதாக ஒரு துளை போடவில்லை. இருந்த நீரின் மீதிருந்த தடையை நீக்கினார்கள். நம் ஊரிலோ ஒரே தெருவில் நான்கு ஆழ்துளைக் கிணறுகள் ஒன்றன் நீரை ஒன்று இழுத்துக்கொண்டிருக்கின்றன. முதலாவது வற்றினால் இரண்டாவதை இன்னும் ஆழமாகப் போடுகிறோம். நீரை வெளியே எடுக்கும் தர்மத்துக்குக் கொடையாளர் வரிசையில் நிற்கிறார்கள். நீரை உள்ளே அனுப்பும் தர்மத்துக்கு ஆளில்லை. அடைபட்ட வரத்து வாய்க்கால் ஒன்றைத் தூர் வாரிக் கொடுப்பதும் நிலைத்த தர்மமே என்பது நம் உறுதியான கருத்து. அதில் கல்வெட்டு வைக்க இடமிருக்காது என்பதுதான் சிக்கலோ என்னவோ.

பிள்ளைகளுக்கு இதைக் கணக்காகவே காட்டினோம். ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, 2024 டிசம்பர் 1 காலை வரையிலான 24 மணி நேரத்தில் மயிலத்தில் 51 சென்டிமீட்டர் மழை பதிவானது. அந்த மழை நம் மாவட்டத்தில் பல குடும்பங்களின் வீட்டையும் பயிரையும் கொண்டுபோனது. அதை மறக்க முடியாது. ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 929 லிட்டர். அப்படியானால் அந்த ஒரு நாளில் மயிலத்தில் அத்தகைய மாடி ஒன்றின் மேல் விழுந்தது 47 ஆயிரம் லிட்டருக்கும் அதிகம். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் ஒளுச் செய்தார்கள் என்பது ஹதீஸ். அது முக்கால் லிட்டர் என்றே வைத்துக்கொண்டாலும், அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஒளுவுக்குரிய நீர் அது. தமிழகத்தில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்புக் கட்டாயம். உங்கள் வீட்டில் அந்தக் குழாய் எங்கே போய் முடிகிறது என்று போய்ப் பார்த்து வாருங்கள் என்று அனுப்பினோம். தெருச் சாக்கடையில் முடிகிறது என்று பலர் வந்து சொன்னார்கள். பெண்பிள்ளைகளின் வகுப்பில் இருவர் தம் தாய்மாரோடு சேர்ந்து, மண் மூடிக்கிடந்த உறைகுழியைத் தோண்டிக் கூழாங்கல் நிரப்பிவிட்டு வந்து சொன்னார்கள். அந்த வாரம் நம் வகுப்பில் அதைவிடச் சிறந்த மனனம் எதுவும் நடக்கவில்லை.

ஒளுச் செய்த நீரைப் பற்றியும் ஒரு சொல். ஒருமுறை பயன்பட்ட நீரால் மறுபடி ஒளுக் கூடாது என்றாலும், அது அசுத்தமன்று என்பதைப் பாடத்தில் படிக்கிறோம். பிறகு ஏன் அதைக் கழிவறை நீரோடு கலந்து அனுப்ப வேண்டும்? தனிக் குழாய் போட்டுத் தென்னைக்கோ உறைகுழிக்கோ விடலாம். கொத்தனாருக்கு இரண்டு நாள் வேலை.

நீரை எடுப்பது மட்டும் நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு முஸ்லிம் உலகிலேயே கண்முன் சான்று இருக்கிறது. ஜோர்தானில் அஸ்ரக் என்னும் பாலைவனச் சோலை, பறவைகளுக்குப் பெயர்பெற்ற சதுப்பு நிலம். 1977இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. தலைநகர் அம்மானுக்கும் வேளாண்மைக்கும் அங்கிருந்து நீரை இறைத்துக்கொண்டே போனதில், 1992இல் ஊற்றுகள் வறண்டுபோயின. பின்னர் இயற்கைப் பாதுகாப்புக் கழகத்தார் நீரைத் திரும்ப விட்டு மீட்புப் பணியில் இறங்கினார்கள். அவர்கள் வைத்த இலக்கே பழைய பரப்பில் பத்தில் ஒரு பங்குதான். பட்டியலில் பெயர் இருப்பதே ஒரு நீர்நிலையைக் காப்பாற்றிவிடாது.

நம் பக்கத்தில் நம்பிக்கை தருவதும் உண்டு. 1968இல் ஆரோவில் தொடங்கியபோது அது பெரும்பாலும் மழை அரித்த செம்மண் மேடு. வரப்பு எழுப்பி, ஓடும் நீரை நிறுத்தி, இந்த மண்ணுக்குரிய மரங்களை நட்டுக் காடாக்கினார்கள். அங்குள்ள பிச்சாண்டிக்குளம் காட்டைச் சேர்ந்தோர், மரக்காணம் வட்டாரத்து நடுக்குப்பத்தில் அரசுப் பள்ளியோடு சேர்ந்து பிள்ளைகளுக்குச் சுற்றுச்சூழல் கல்வி அளித்துவந்திருக்கிறார்கள். சென்னையில் 2011இல் திறந்த அடையாறு தொல்காப்பியப் பூங்காவில், குப்பைமேடாகிக் கிடந்த கழிமுகப் பகுதியை மீட்டதிலும் அவர்களுடைய பங்கு உண்டு. அவர்களின் கொள்கை வேறு, நம் அகீதா வேறு. மண்ணையும் மரத்தையும் பற்றி அறிந்தவர்களிடம் கற்றுக்கொள்ள அது தடையாகாது.

நாம் செய்தது மிகச் சிறியது. ஞாயிற்றுக்கிழமைகளில் சுபுஹுக்குப் பின் மாணவர்களை அழைத்துக்கொண்டு, ஊர்ப்புறத்து ஏரி ஒன்றின் வரத்து வாய்க்காலை அதன் தொடக்கம் தேடி நடந்தோம். ஓரிடத்தில் சிறுபாலத்தின் கண்கள் பிளாஸ்டிக் பைகளால் அடைந்திருந்தன. இன்னோரிடத்தில் வாய்க்காலே தெரியவில்லை. சீமைக்கருவேல முள்தான் தெரிந்தது. ஏரிக்கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், “வாங்க பாய், பசங்களுக்கு ஏரி காட்ட வந்தீங்களா?” என்று கூடவே வந்தார். மதகு எது, கலங்கல் எது, எந்த அடையாளம் வரை நீர் ஏறினால் ஊருக்கு ஆபத்து என்று அவர் சொன்னவை எந்தப் பாடநூலிலும் இல்லை. முள்ளை வெட்டினால் மட்டும் போதாது, வேரோடு எடுக்காவிட்டால் அடுத்த மழைக்கே துளிர்த்துவிடும் என்றும் அவரே சொன்னார்.

தன்னார்வப் பணிக்குப் புறப்படும் இளைஞர்களுக்குச் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். ஏரி நம் சொத்தல்ல, பொதுச் சொத்து. தண்ணீரில் மக்கள் அனைவரும் பங்காளிகள் என்ற நபிமொழியின் பொருளும் அதுவே. நூறு ஏக்கருக்கு மேல் பாசனம் தரும் ஏரி நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும். அனுமதி பெறாமல் மண்வெட்டியை இறக்காதீர்கள். கழுவெளிக்குப் போவதென்றால் வனத்துறையைக் கேளுங்கள். ஏரிக்குள், நீர் நிற்கும் பரப்பில் மரக்கன்று நடாதீர்கள். புகைப்படத்துக்கு அழகாக இருக்கும், ஏரிக்குக் கொள்ளளவு குறையும். கரையில் பனை விதை ஊன்றுங்கள். கியாமத் நெருங்கும் வேளையிலும் கையில் பேரீச்சங்கன்று இருந்தால் நட்டுவிடச் சொன்ன மார்க்கத்தில், பலன் தரப் பதினைந்து ஆண்டுகள் ஆகுமே என்று பனையைத் தள்ளிவைக்க முடியாது.

நீர்த்துறையிலும் பாதையிலும் நிழலிலும் அசுத்தம் செய்வதைச் சாபத்துக்குரிய செயல்களாக நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். பக்ரீத் நாளில் குர்பானிக் கழிவைச் சாக்கில் கட்டி ஏரிக்கரையில் எறிவது இந்த எச்சரிக்கைக்குள் வருமா என்று மாணவர்கள் கேட்டார்கள். வரும் என்றே சொன்னோம். குழி வெட்டிப் புதைக்க வேண்டும், அல்லது நகராட்சி வண்டி வரும்வரை காத்திருக்க வேண்டும்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன், அந்தச் சிறுபாலத்தின் கண்களைத் திறந்துவிட ஒன்றியத்தில் அனுமதி கேட்டு மனு கொடுத்திருக்கிறோம். மனுவில் பள்ளிவாசல் ஜமாஅத்தும் ஏரிப் பாசன விவசாயிகளும் சேர்ந்தே கையெழுத்திட்டார்கள். அனுமதி வந்ததும் இன்ஷா அல்லாஹ் ஜும்ஆவில் நாள் அறிவிக்கப்படும். வருபவர்கள் கையுறையும் மண்வெட்டியும் கொண்டுவாருங்கள். பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் வாய்க்காலுக்குள் இறங்க வேண்டாம். கரையில் நின்று பனை விதைகளைப் பொறுக்கட்டும். கஞ்சியும் குடிநீரும் நம் பொறுப்பு. குவளையை வீட்டிலிருந்தே எடுத்துவாருங்கள், பிளாஸ்டிக் டம்ளர் அங்கே கிடையாது.