உருகி சொன்ன செய்தி

தமிழ்த்துறை மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று பேராசிரியப் பெருந்தகையர் பணித்தபோது, இலக்கியப் பொருளொன்றையே எழுத எண்ணினோம். ஆயினும் இக்கல்லூரி வகுப்பறையில் பயின்ற தமிழ், எமக்கு விளங்கிய இடம் வேறொன்றாக இருந்தமையால் அதனையே ஈண்டு எழுதத் துணிந்தோம்.

இளங்கலைத் தமிழ் முடித்து, 1989ஆம் ஆண்டில் பிழைப்பு நாடித் துபாய் சென்றோம். கிடைத்த வேலையோ விளையாட்டுக் கூடம் ஒன்றின் பழுதுபார்க்கும் அறையில் உதவியாளர் வேலை. காசு போட்டு ஆடும் வீடியோ விளையாட்டுப் பெட்டிகள் அங்கே வரிசையாக நின்றன. 1980இல் ஜப்பானில் பிறந்து உலகெங்கும் பரவிய பாக்மேனும் அவற்றுள் ஒன்று. அப்பெட்டிகளின் உயிர், கனத்த கண்ணாடிக் குழாய்த் திரையிலும் அதற்கு மின்சாரம் ஊட்டும் மின்வழங்கியிலும் இருந்தது.

அறையின் தலைவர் கீழக்கரைக்காரர். அனைவரும் அவரைக் 'காக்கா' என்றே அழைத்தோம். அவர் முதலில் கற்பித்தது அச்சம். "தம்பி, சுவிட்ச அணைச்சாலும் பிக்சர் டியூப் அணையாது" என்பார். உண்மைதான். பத்தொன்பது அங்குலத் திரையின் நேர்மின்முனையில் இருபதாயிரம் வோல்ட் அளவில் மின்னழுத்தம் உண்டு. மின்சாரம் நிறுத்திய பின்னரும் அக்குழாய் ஒரு மின்தேக்கிபோல் அதனைப் பிடித்து வைத்திருக்கும். திரையின் உலோகச் சட்டத்தோடு கம்பியால் இணைத்த திருப்புளியை இரப்பர் மூடிக்கு அடியில் செலுத்தி, அம்மின்னேற்றத்தை இறக்கிய பின்னரே கை வைக்க வேண்டும். உயிருள்ள சுற்றை அளக்கும்போது ஒரு கையைப் பின்னால் வைத்துக்கொள்வது அவர் வகுத்த விதி.

ஒரு நாள் மாலை காக்கா வெளியே சென்றிருந்தார். பெட்டியொன்று இருண்டு கிடந்தது. திறந்து பார்த்தோம், ஃபியூஸ் எரிந்திருந்தது. புதியது போட்டோம், அதுவும் எரிந்தது. மூன்றாவதும் போயிற்று. வார இறுதி, கூடம் நிறைய ஆட்கள். பொறுமையிழந்து, ஃபியூஸ் இருந்த இடத்தில் தடித்த செப்புக்கம்பியொன்றைச் சுற்றி மின்சாரத்தைச் செலுத்தினோம். திரை ஒளிரவில்லை, புகைதான் எழுந்தது.

முதலாளி சினத்துடன் வந்து, யார் செய்தது என்று வினவினார். அருகில் நின்றவன் எம்மினும் இளையவன், மலபாரிலிருந்து வந்த பையன். அவன்மேல் ஐயம் விழுந்தது. ஒரு வாரக் கூலி பிடிக்கப்படும் என்றார் முதலாளி. நாம் வாய் திறக்கவில்லை. அவன் எம்மை நிமிர்ந்து நோக்கினான். அவனும் வாய் திறக்கவில்லை. அன்றிரவு நாம் உறங்கவில்லை என்பதை மட்டும் எழுதி அமைகின்றோம்.

மறுநாள் காலை காக்கா பெட்டியைத் திறந்தார். கருகிய செப்புக்கம்பியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, எம் முகத்தை நோக்காமலே கூறினார்: "ஃபியூஸ் எரிஞ்சா அது கோளாறு இல்ல தம்பி. கோளாறு வேற எங்கயோ இருக்குன்னு சொல்ற சேதி. சேதி கொண்டு வந்தவன் வாயக் கட்டிட்டா சேதி மாறிடுமா?"

அச்சொல் எம்மைச் சுட்டது. நேரே முதலாளியிடம் சென்று உண்மையை உரைத்தோம். கூலி எம் கணக்கில் பிடிக்கப்பட்டது. பையனிடம் மன்னிப்பு வேண்டினோம். அவன் ஒரு குவளைத் தேநீரை எம் பக்கம் நகர்த்தி வைத்தான்.

அதன் பின்னரே காக்கா பாடம் தொடங்கினார். மின்மாற்றிக்கு முன்பாக நூறு வாட் பல்பு ஒன்றைத் தொடராக இணைத்தார். அந்தச் சீரீஸ் பல்பு கணநேரம் பளிச்சிட்டு மங்கினால் நலம். முழு ஒளியுடன் நிலைத்து நின்றால் உள்ளே எங்கோ ஷார்ட். எமது பல்பு முழுதாய் ஒளிர்ந்தது. பின்னர் மின்சாரத்தை நிறுத்தி மீட்டரால் ஒவ்வொன்றாய் அளந்தோம். மாறுமின்னோட்டத்தை நேராக்கும் நான்கு டயோடுகளில் இரண்டும், மின்னழுத்தத்தைச் சீராக்கும் டிரான்சிஸ்டரும் மாண்டிருந்தன. இவை எமது செப்புக்கம்பி செய்த கொலைகள். அவற்றுக்கு முன்பே இறந்து, ஃபியூஸை எரித்தது கிடைவரிசை வெளியீட்டு டிரான்சிஸ்டர்.

அதனைக் கழற்றிவிட்டு, மற்றவற்றை மாற்றி, மின்வழங்கிக்கு அறுபது வாட் பல்பு ஒன்றைப் பொய்ச்சுமையாக இணைத்து அழுத்தத்தை அளந்தோம். கனடா நாட்டு எலெக்ட்ரோஹோம் ஜி07 போன்ற திரைகளுக்கு அது 120 வோல்ட் இருத்தல் வேண்டும். மிகுந்தால் புதிய டிரான்சிஸ்டரும் மாளும். குறைந்தால் படம் சுருங்கும். வடிகட்டும் மின்தேக்கி உலர்ந்திருந்தால் படம் நெளியும். குறுக்கே கரும்பட்டைகள் ஊரும்.

அளவு சரியாக நின்றது. புதிய டிரான்சிஸ்டரைப் பொருத்த முனைந்தோம். "அது ஏன் செத்துச்சுன்னு கேட்டியா?" என்றார் காக்கா. உருப்பெருக்கியால் தேடியபோது, அந்த டிரான்சிஸ்டரை இயக்கும் சிறு மின்மாற்றியின் காலடியில், ஈயப்பற்றைச் சுற்றி மயிரிழை போன்ற வளையப் பிளவு தெரிந்தது. ஆண்டுக்கணக்கில் சூடேறியும் குளிர்ந்தும் அவ்விடம் விட்டிருந்தது. நோயோடு நில்லாது நோயின் முதலையும் தேடுக என்று வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் கூறியதை இக்கல்லூரியில் மனனம் செய்து மதிப்பெண் பெற்றிருந்தோம். அதன் பொருளோ அந்த ஈயப்பற்றின் பிளவில்தான் எமக்குப் புலனாயிற்று.

பிளவை அடைத்தோம். பல்பு பளிச்சிட்டு மங்கியது. பின்னர்ப் பல்பை நீக்கி, உரிய அளவுள்ள ஃபியூஸ் இட்டு நேர் மின்சாரம் கொடுத்தோம். குழாயின் கழுத்தில் செம்மஞ்சள் ஒளி மெல்ல அரும்ப, திரை விழித்தது. மலபார்ப் பையன் கைதட்டினான்.

இன்று அக்கண்ணாடித் திரைகள் அருகி, தட்டைத் திரைகள் அவற்றின் இடத்தைக் கொண்டுவிட்டன. 1996இல் நாம் ஊர் திரும்பியபோது காக்கா ஒரு சிறு பொதியைக் கையில் வைத்தார். விமானத்தில் அமர்ந்தே பிரித்துப் பார்த்தோம்: கருகிய அந்தச் செப்புக்கம்பி. அது இன்றும் எம் மேசை அறையில் இருக்கின்றது. மாணவச் செல்வங்கள் எவரேனும் வீட்டிற்கு வந்தால் எடுத்துக் காட்டுவோம்.